ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் பாட்டுக் கேட்க எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை, வாட், புளூடூத் எல்லாம் இருந்தன. வைக்கப்போகும் அறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குளிருக்கு ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கும் எங்கள் குன்னூர் வீடுகளில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே பத்துக்குப் பத்து அடி அறைகள் சாதாரணம். இடத்தை அடைக்கிறதே என்று ஸ்பீக்கரை மூலையில் தள்ளிவிடுகிறார்கள். அங்கே இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து தாழ்ந்த ஒலியைக் கூட்டிவிடும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம், கும்மென்று பரவி, பாடுகிறவரின் சொல்லை அமுக்கிவிடும். சதுர அறை என்றால் இன்னும் மோசம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில், பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 56 அதிர்வை, ஒட்டிய தாழ்ந்த ஒலி தங்கிப் பெருகும். சதுரத்தில் நீளத்திலும் அகலத்திலும் அதே ஒலிதான் பெருகும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் காதை அடைக்கும். நட்டநடுவில் அது கேட்கவே கேட்காது.

இதற்குச் சிலர் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிடுகிறார்கள். கம்பளி ஜால்ரா போன்ற கூர்மையான ஒலியை உறிஞ்சும், கும்மென்ற ஒலியைத் தொடாது. கடைசியில் பாட்டு மந்தமாகிப் போவதுதான் மிச்சம். தாழ்ந்த ஒலியைக் கொஞ்சமாவது விழுங்குவது, பின்னால் காற்று இடைவெளி விட்டுப் பலகை அடித்த பழைய பங்களாச் சுவர்கள். புதுப்பிக்கிறோம் என்று அந்தப் பலகையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஓரிரு அடி முன்னால் இழுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரமும் ஏறாது. இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணமாக அமையட்டும். ஸ்பீக்கரில் கூர்மையான ஒலி தரும் சின்ன வட்டமான ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். அப்புறம், நீங்கள் உட்கார்ந்தபடியே இருக்க, ஒருவரைப் பக்கச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் எங்கே கண்ணாடியில் தெரிகிறதோ, ஒலி அங்கே பட்டுத்தான் உங்களிடம் திரும்புகிறது. கம்பளி வேண்டியது அந்த இடத்தில் மட்டும்தான்.

இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுப் புது ஸ்பீக்கருக்குப் பணம் எடுக்கட்டும். அறையைப் பற்றியும் ஒரு கட்டுரை, படத்தோடு, விரைவில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்