அந்த ஸ்விட்ச்சைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்

கார் கியர்பாக்ஸ் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். ரிவர்ஸ் போட்டதும் காரின் பின்னால் வெள்ளை விளக்கை எரிய வைக்கும், கியர்பாக்ஸில் இருக்கும் சிறு ஸ்விட்ச்சைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. நான் காரைப் பின்னால் எடுக்கும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். இஞ்சின் சத்தம் அவருக்கு எட்டாது. பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தால் விலகிக்கொள்வார், அணைந்தால் திரும்ப வருவார். ஒரு நாள் இருட்டிய பிறகு ரிவர்ஸ் போட்டு மெல்ல நகர்த்தினேன். டிக்கியை யாரோ ஓங்கித் தட்டினார்கள். பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கி ஓடினால் அப்பா. "லைட்டே வரலையேப்பா" என்றார். விளக்கு வராததால் கார் நகரப்போவது அவருக்குத் தெரியவில்லை. அவர் அங்கே நிற்பது எனக்கும் தெரியவில்லை, ஏனென்றால் பின்னால் வெளிச்சம் தருவதும் அதே விளக்குதான்.

அந்த விளக்கு எத்தனை நாளாக எரியாமல் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஓட்டுபவர் தன் ரிவர்ஸ் விளக்கைத் தானே பார்ப்பது அரிது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 48-ஆம் விதிமுறை, காரில் ஒரு வெள்ளை ரிவர்ஸ் விளக்காவது இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அது எரிகிறதா என்று ஓட்டுபவருக்குக் காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

முதலில் பல்பை மாற்றினேன். எரியவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் மறுபடியும் இரண்டு பல்புகளையும் மாற்றினார்கள், பிறகு வயரிங்கில் கோளாறு என்றார்கள், கடைசியில் கியர்பாக்ஸையே இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்கள். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் நானே வேலையில் இறங்கிய பிறகு அவர்கள் மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த ஸ்விட்ச்சை எட்டிப் பார்க்க யாருக்குமே மனம் வராது.

இதைச் சோதிப்பது மிகச் சுலபம் என்பது உங்களுக்குத் தெரியும். இஞ்சினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்விட்ச்சின் கனெக்டரைக் கழற்றி, அதில் வரும் இரண்டு வயர்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்தேன். பின்னால் இரண்டு விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. பல்பு, ஃபியூஸ், வயரிங் எல்லாமே சரி. பிறகு ஸ்விட்ச்சில், மின் இணைப்பை அளக்கும் மல்டிமீட்டரை வைத்து ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன். இணைப்பே காட்டவில்லை. நல்ல ஸ்விட்ச் என்றால் ரிவர்ஸில் மின்தடை கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஓம் என்று காட்ட வேண்டும். கோளாறைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்தக் கனெக்டரைத் தொடுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

பேட்டரியைக் கழற்றினேன், சோதிக்கும்போது மட்டும் அதைப் பக்கத்தில் வைத்து வயரை மாட்டிக்கொண்டேன். அது உட்காரும் தட்டைக் கழற்றினேன். ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதன் குழாயையும் எடுத்தேன். அதற்குப் பிறகும் ஸ்விட்ச் கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. சாதாரண ஸ்பானரைத் திருப்ப அங்கே இடமில்லை. நீளமான பாக்ஸ் ஸ்பானர் ஒன்றைக் கடன் வாங்கி வந்து, கையின் தோல் உரிய உரியத் திருகிக் கழற்றினேன்.

புதிய ஸ்விட்ச்சை மாட்டிய பிறகும் விளக்கு சரியாக எரியவில்லை. கியர் லீவரை ரிவர்ஸில் அழுத்திப் பிடித்தால் எரிந்தது, கையை எடுத்தால் அணைந்தது. புதிய ஸ்விட்ச்சும் கோளாறு என்றே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் திரும்பக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழைய செம்பு வாஷர் கியர்பாக்ஸிலேயே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதன் மேல் புது வாஷரோடு ஸ்விட்ச்சை முறுக்கியிருக்கிறேன். இரண்டு வாஷர் சேர்ந்ததால் ஸ்விட்ச் அந்த அளவுக்கு வெளியே தள்ளி நின்றது, கியர்பாக்ஸுக்குள் நகரும் தண்டு ஸ்விட்ச்சின் முனையை முழுதாக அழுத்தவில்லை. ஒரு வாஷரின் தடிமன்தான் வித்தியாசம். கண்ணுக்கு நேரே இருந்திருந்தால் அந்தத் தவறு நடந்தே இருக்காது.

ரிவர்ஸ் கியர் விழும்போது நகரும் தண்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஸ்விட்ச் உட்கார முடியும் என்பது எனக்குப் புரிகிறது. கழற்றும்போது ஆயில் கொட்டக் கூடாது என்றால் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதும் புரிகிறது. கியர்பாக்ஸ் மேசை மேல் தனியாக இருக்கும்போது அந்த இடம் திறந்தவெளியாகத்தான் இருக்கும். அதன் மேல் பேட்டரியை வைத்தது வேறொரு குழு, ஏர் ஃபில்டரை வைத்தது இன்னொரு குழு. நான் கேட்பது, அந்த மூன்று குழுவும் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து, காருக்குள் பொருத்திய நிலையில் இந்த ஸ்விட்ச்சை ஒரு மனிதக் கை கழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதுதான். இதுவும் கிளட்ச்சைப் போல என்றாவது ஒரு நாள் மாற்ற வேண்டிய பாகம்தான். சூட்டிலும் அதிர்விலும் ஆயிலிலும் இருக்கிற, தேய்ந்துபோகிற மின் தொடர்பு. காரின் ஆயுளில் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரலாம் என்று எதிர்பார்த்தே இடம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம், பழைய ஸ்விட்ச்சை அறுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சிறு தகடு, இரண்டு முனைகள். தகடு கருகிப் போயிருந்தது. என் காரில் இரண்டு 21 வாட் பல்புகளின் மின்சாரமும் நேராக இந்தத் தகடு வழியாகத்தான் போகிறது. 12 வோல்ட்டில் அது 3.5 ஆம்பியர். ஒவ்வொரு முறை ரிவர்ஸ் போடும்போதும் எடுக்கும்போதும் அந்தச் சிறு முனைகளில் பொறி பறக்கிறது. இடையில் ஒரு ரிலேயோ (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) கட்டுப்பாட்டுப் பெட்டியோ இருந்தால் ஸ்விட்ச் வழியாக வெறும் சமிக்ஞை மட்டும் போகும், பளு முழுவதையும் அது தாங்கிக்கொள்ளும். உங்களில் பலர் இப்போது அப்படித்தான் செய்கிறீர்கள். செய்யாதவர்களும் செய்ய வேண்டும். பல கார்களில் பின்பக்கக் கேமராவும் சென்சாரும் விழித்துக்கொள்வது இதே சமிக்ஞையை நம்பித்தான். விளக்கோடு சேர்ந்து அவையும் கண்மூடிவிட்டால் ஓட்டுபவருக்கு எதுவுமே மிச்சமில்லை.

ஆட்டோமேட்டிக் கார்களில் இந்த வேலையைச் செய்வது கியர் நிலையை உணரும் வேறு சென்சார். அதைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை, அதனால் பேசவில்லை.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள். உரிமையாளர் கையேட்டில் பல்பு மாற்றுவதற்குப் படம் போடுகிறீர்கள். அதே பக்கத்தில், பல்பு சரியாக இருந்தும் எரியவில்லை என்றால் கியர்பாக்ஸில் உள்ள ஸ்விட்ச்சைப் பாருங்கள் என்று ஒரு வரியும், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு படமும் போடுங்கள். ஸ்விட்ச் விற்கும் உறையில் வாஷரையும் சேர்த்தே வையுங்கள், பழையதை எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று உறையின் மேலேயே அச்சிடுங்கள். எனக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

என் காரில் இப்போது விளக்கு எரிகிறது. வாரம் ஒரு முறை, கேட்டுக்கு வெளியே அப்பாவை நிறுத்திவிட்டு, நகராமல் ரிவர்ஸ் மட்டும் போட்டுக் காட்டுகிறேன். அவர் இரண்டு விரலை உயர்த்தினால் இரண்டு விளக்கும் எரிகிறது என்று அர்த்தம்.

இப்படிக்கு,
ஒரு கார் உரிமையாளர்