ஓமத் தண்ணீருக்கு முன்னால் 108

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான நெஞ்சுவலிக் கைவைத்தியக் கட்டுரை, ஓமத் தண்ணீரையும் மருதம்பட்டைக் கஷாயத்தையும் எல்லா நெஞ்சுவலிக்கும் பொதுவாகப் பரிந்துரைத்திருப்பதை, சித்த மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் மறுக்க வேண்டியுள்ளது.

மருதம்பட்டைக்குச் சான்று உண்டு. எந்த வலிக்கு என்பதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. மாடிப்படி ஏறும்போது வந்து, சற்று உட்கார்ந்தால் அடங்கிவிடும் நாள்பட்ட இதயவலி உள்ள 58 ஆண்களுக்கு, அதன் சாரத்தை வேளைக்கு 500 மி.கி. வீதம் தினமும் மூன்று வேளை கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. வலி வருவது குறைந்தது, டிரெட்மில்லில் நடக்கும் திறனும் கூடியது. ஆனால் மருந்து கொடுத்ததோ ஒரே வாரம்தான். பின்னர் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், இதயத்தின் இரத்தம் இறைக்கும் திறன் குறைந்தவர்களுக்கு 12 வாரம் கொடுத்தபோது அத்திறன் உயரவில்லை. இவ்விரண்டும் மாரடைப்புக்கான ஆய்வுகள் அல்ல. நாட்டு மருந்துக் கடைப் பொடி, ஆய்வில் தந்த அளவிட்ட சாரமும் அல்ல.

ஓமம் வாயுவுக்கு நல்லதுதான். ஆனால் மாரடைப்பு பலருக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, மேல்வயிற்று எரிச்சலாகவோ வெறும் வியர்வையும் மூச்சுத்திணறலுமாகவோ வருவதால், அதை வாயுப்பிடிப்பு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்பவர்கள் உண்டு. இதயத் தமனியை அடைத்த இரத்தக்கட்டியை ஓமமும் கரைக்காது, மருதமும் கரைக்காது. அதற்குள் இதயத் தசை அழிந்துகொண்டிருக்கும். மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தக்கட்டி பெருகாமல் தடுக்கும் ஆஸ்பிரினைத் தனியாகக் கொடுத்ததே இதய, இரத்தக்குழாய் நோயால் நேரும் இறப்பை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. (அந்த ஆஸ்பிரினின் வேரும் வில்லோ மரப்பட்டை வைத்தியத்தில் இருக்கிறது, மூலிகை என்பதற்காக நான் குறை சொல்லவில்லை.) 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின் உள்ளிட்ட முதல் தவணை மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர், இதயத்துக்கு நல்லதென்று பூண்டுச் சாற்றை அதிகமாகக் குடித்தால் இரத்தக்கசிவு கூடக்கூடும் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம் ஓய்வெடுத்தும் அடங்காவிட்டாலோ, இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, உடன் வியர்த்தாலோ முதலில் 108ஐ அழைக்க வேண்டும் என்ற குறிப்பை, அடுத்த இதழில் அதே பக்கத்தில் கட்டமிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சித்த மருத்துவ வாசகர்,
பாளையங்கோட்டை.