முகாமோடு முடிந்துவிடுகிறதா நம் உறவு?

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ, எங்கள் வழிபாட்டுத் தலங்களுக்கு நீங்கள் வருவது பெரும்பாலும் முகாம் நடத்தத்தான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்து, மாலைக்குள் கிளம்பிவிடுகிறீர்கள். சர்க்கரை கூடுதலாக இருந்தவர் அதன்பின் மருத்துவரைப் பார்த்தாரா என்று கேட்க ஆளில்லை. அந்த ஆளை எங்களோடு சேர்ந்து உருவாக்குங்கள்.

முன்னுதாரணங்கள் உண்டு. 1980-களின் நடுவில், சிகாகோவை அடுத்த லூத்தரன் ஜெனரல் மருத்துவமனையின் துணையோடு கிரேஞ்சர் வெஸ்ட்பர்க் என்ற போதகர் ஆறு சபைகளில் செவிலியர்களை அமர்த்தினார். பின்னாளில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் மெதடிஸ்ட் மருத்துவக் குழுமம் நூற்றுக்கணக்கான சபைகளோடு கைகோத்தது. ஒவ்வொரு சபையிலும் பயிற்சி பெற்ற தொண்டர்கள். அவர்களை மருத்துவமனையோடு இணைக்கச் சம்பளம் பெறும் வழிகாட்டிகள். உறுப்பினர் ஒருவர் அனுமதிக்கப்பட்டதும், அவர் சம்மதித்தால், தொண்டருக்குத் தகவல் போகும். டிஸ்சார்ஜ் ஆனபின் மாத்திரை வாங்கினாரா, மறுபரிசோதனைக்கு யார் கூட்டிப்போவார்கள் என்பதையெல்லாம் விசாரிக்க ஒருவர் இருப்பார்.

'அவர் சம்மதித்தால்' என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அக்கறையோடுதான் பிரார்த்தனையில் பெயர் சொல்வார்கள், ஆனால் எச்.ஐ.வி., மனநோய், கருச்சிதைவு போன்றவை அப்படி வெளியே தெரிந்தால் அந்த மனிதர் மருத்துவமனைக்கும் வரமாட்டார், வழிபாட்டுக்கும் வரமாட்டார். எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்பதைத் தொண்டர் பயிற்சியின் முதல் பாடமாக வையுங்கள். எந்தச் சபையையும் சேராதவருக்கு இதே கவனிப்பைத் தரவேண்டிய கடமையும் உங்களுடையதே.

இன்னொன்று. மதத் தலைவர்களை அறிவிப்புப் பலகைகளாக நடத்தாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில், இறந்தவரின் உடலிலிருந்தும் தொற்றும் எபோலா நோய் பரவியபோது, உடலைக் குளிப்பாட்டாதீர்கள், தொடாதீர்கள் என்ற கட்டளையை மட்டும் கேட்ட குடும்பங்கள் இறந்தவர்களை மறைத்து அடக்கம் செய்தன. 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகளோடு கலந்துபேசி அடக்க முறையைத் திருத்தியது. நீரில்லாச் சடங்குத் தூய்மைக்கும், பிரார்த்தனைக்கும், குடும்பத்தார் கலந்துகொள்வதற்கும் அதில் இடம் கிடைத்தது. உடலைத் தொடாமலே மரியாதையாக வழியனுப்பும் வழியை முடிவுசெய்ய அந்தத் தலைவர்களும் தேவைப்பட்டார்கள்.

தொண்டர்களிடம் இலவச உழைப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒருங்கிணைப்பாளருக்காவது உங்கள் வரவுசெலவில் சம்பளம் ஒதுக்குங்கள்.

முதல் கூட்டத்தை உங்கள் அரங்கில் வைக்க வேண்டாம். வழிபாடு முடிந்த நேரத்தில் எங்கள் இடத்துக்கு வாருங்கள். வரும்போது, நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பிலுள்ள செவிலியரை அழைத்துவாருங்கள். எங்கள் கேள்விகளில் பாதி அவரிடம் கேட்க வேண்டியவை.

அன்புடன்,
வழிபாட்டுத் தலத் தொண்டர் ஒருவர்