அணிகளைத் தரம் பிரிக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இந்த சீசனுக்கு நம் லீக்கின் ஜூனியர் கூடைப்பந்து அணிகளை, திறமையைப் பார்த்து ஏ, பி என்று தரம் பிரிக்கும் குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நிம்மதியாக இருந்தது. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடிக் கோர்ட்டில் பந்து தட்டிப் பழகிய காலத்திலிருந்தே உன்னை எனக்குத் தெரியும். தோற்கிற அணியில் நின்று ஆடியவன் நீ. குழுவின் முதல் கூட்டத்துக்கு முன்னால் ஸ்கோர் மேசையிலிருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். மற்ற பெற்றோரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எல்லாருக்கும் தெரிய எழுதுகிறேன்.

போன சீசனில் 12 வயதுக்குட்பட்ட பெண்கள் பி பிரிவு ஆட்டம் ஒன்று. ஒரு பெரிய கிளப்புக்கு ஏ பிரிவிலும் பி பிரிவிலும் அணி இருந்தது. அன்று ஏ அணிக்கு ஆட்டம் இல்லை. அதனால் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறும் அதன் இரண்டு கார்டு ஆட்டக்காரிகளும் பி அணி ஜெர்சி போட்டு வந்து நின்றார்கள். விதியில் தடை இல்லாததால் ரெஃப்ரியாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. எதிரணி நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். பள்ளியில் வலைப்பந்து ஆடியவர்கள். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, பிடித்துக் கொடுப்பதுதான் ஆட்டம். அதனால் அவர்கள் பாஸ் அவ்வளவு அழகு. ஆனால் பிரெஸ் போட்டு, அதாவது முழுக் கோர்ட்டிலும் ஒட்டி நின்று மறித்தால், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் டிரிப்ளிங் பழகாத கை என்ன செய்யும்? 8 விநாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டவே இல்லை. மூன்றாவது குவார்ட்டரிலும் பிரெஸ்ஸை எடுக்கவில்லை. ஒரு பிள்ளை பென்ச்சுக்கு வந்து, "அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று என்னிடம் கேட்டாள்.

தோற்றால்தான் மனம் உறுதிப்படும் என்பார்கள். 10 பாயிண்டில் தோற்றால் அடுத்த வாரம் எதைத் திருத்த வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். பந்தைக் கூடைப்பக்கமே கொண்டு போக முடியாத ஆட்டத்தில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? ஜெயித்த பிள்ளைகளுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பந்தைப் பிடுங்குவது, கூடைக்குப் பக்கத்தில் ஓடிப்போய் லே-அப் போடுவது, திரும்பவும் பிடுங்குவது, இவ்வளவுதான். அவர்களும் பாவம்.

இங்கே தரம் பிரிப்பது எப்படி நடக்கிறது என்பது உனக்கே தெரியும். சீசனுக்கு முன்னால் கிளப்பின் பெயரையும் போன வருஷ இடத்தையும் வைத்துத் தாளில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் போன வருஷ அணியில் பாதிப் பேர் வயது தாண்டி அடுத்த பிரிவுக்குப் போயிருப்பார்கள். பிறந்த வருஷத்தை வைத்து வயதுப் பிரிவு போடுவதால் ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவு. அந்த வயதில் கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி என்றால் ஒரு தலை உயரம்கூட இருக்கும். இளையோர் ஐஸ் ஹாக்கியில் வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் தேறுகிறார்கள் என்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களிலேயே கனடாவில் எடுத்துக் காட்டினார். வயதை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பிள்ளைக்கு ஏற்றபடி ஆட்டத்தை மாற்றுவது புதுசும் இல்லை. 1950ல் அமெரிக்காவின் ஸ்கிராண்டனில் ஜே ஆர்ச்சர் என்பவர் சிறுவர்களுக்காகக் கூடையை இறக்கிப் பந்தையும் சிறிதாக்கினார். இன்றைக்கு மினி கூடைப்பந்தில் கூடையின் உயரம் 2.60 மீட்டர், பெரியவர்களுக்கு 3.05. கூடையையே இறக்கலாம் என்றால் சீசன் நடுவில் ஓர் அணியைப் பிரிவு மாற்றக் கூடாதா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில ஜூனியர் லீக்கில் சீசனின் தொடக்கத்திலேயே தரம் பார்ப்பதற்கென்று சில சுற்று ஆட்டங்கள் வைக்கிறார்கள். அதைப் பார்த்து அணிகளை மேலே கீழே மாற்றிய பிறகுதான் முறையான சீசன். நம் லீக்குக்கு அத்தனை வாரம் கிடைக்காது. இரண்டு மூன்று ஆட்டம் போதும். அதற்குப் பிறகு பிரிவை மாற்றும் அதிகாரம் குழுவுக்கு உண்டு என்று விதியிலேயே எழுதி வை. யாரும் வந்து கெஞ்சவோ சண்டை போடவோ தேவைப்படாது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கீழ்ப் பிரிவில் விழுந்தால் கோப்பை சுலபம் என்று அந்தச் சுற்றில் வேண்டுமென்றே தோற்கும் கோச்களும் உண்டு. அதனால் ஸ்கோரை மட்டும் நம்பாதே. குழுவிலிருந்து ஒருவர் நேரில் உட்கார்ந்து பார்க்கட்டும். நல்ல ஐந்து பேரும் கோர்ட்டில் இருக்கும்போது வித்தியாசம் எப்படிப் போகிறது, அவர்களை எப்போது பென்ச்சில் உட்கார வைக்கிறார்கள் என்று கவனித்தால் உன் கண்ணுக்குத் தப்பாது.

பாயிண்ட் வித்தியாசத்தைப் பற்றியும் பேச வேண்டும். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா வைத்திருக்கும் முறையில் ஜெயித்தால் 2, தோற்றால் 1, ஆட வராமல் விட்டுக்கொடுத்தால் 0. இரண்டு அணிகள் சமமானால் முதலில் அவர்களுக்குள் யார் ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். அப்படியும் பிரிக்க முடியாதபோது பாயிண்ட் வித்தியாசம் வரும். இந்த வித்தியாசத்துக்குப் பயந்துதான் பல கோச்கள் 40 முன்னிலையிலும் பிரெஸ்ஸை விடுவதில்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், விதிதான் அப்படித் துரத்துகிறது. எவ்வளவில் ஜெயித்தாலும் அட்டவணையில் 20க்கு மேல் ஏறாது என்று ஒரு வரி போட்டுவிடு. 20 தாண்டினால் பாதிக் கோர்ட்டுக்குப் பின்வாங்க வேண்டும் என்று இன்னொரு வரி.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம், மேல் பிரிவில் பெயர் பதிந்த பிள்ளை கீழே இறங்கி ஆடக்கூடாது என்பது. கீழேயிருந்து மேலே போய் ஆடலாம், அது வளர்ச்சி. சின்ன கிளப்புக்கு மட்டும் ஒரு விலக்கு வேண்டும். ஆறே பேரை வைத்து ஒப்பேற்றும் அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்தி ஐந்து ஃபவுல் ஆகி வெளியே போனாள் என்றால் மிச்சம் நாலு பேர்தான். ஆள் குறையும் அன்றைக்கு இளைய வயதுப் பிரிவிலிருந்து ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ள விடுங்கள்.

போன வருஷம் விதி மாறியதே நம் பெற்றோர் பலருக்குத் தெரியாது. சீன மொழி வாட்ஸ்ஆப் குழுவில் மட்டும் போட்டிருந்தார்கள். கோலாலம்பூரில் கூடைப்பந்தை இத்தனை காலம் தூக்கிப் பிடித்தவர்கள் சீனப் பள்ளிகளும் சங்கங்களும்தான். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இப்போது நம் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். மலாயிலும் ஒரு பக்கம் எழுதி, முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே எல்லா கோச்சுக்கும் அனுப்பச் சொல். கூட்டத்தில் இதைக் கேட்க நம் பக்கம் உன்னை விட்டால் ஆள் இல்லை.

2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் நம் மலேசியப் பெண்கள் இதே ஊரில், மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் மாபா ஸ்டேடியத்தில் ஆடினார்கள். அந்தக் கோர்ட்டை நம் பிள்ளைகள் ஆசையோடு பார்க்கிறார்கள். அந்த ஆசை வாடும் முன்னால் அவர்களுக்குச் சரியான பிரிவில் ஓர் இடம் வாங்கிக் கொடு.

போன சீசன் ஸ்கோர் ஷீட் எல்லாம் என்னிடம் இருக்கிறது. யார் எந்த அணிக்கு எப்போது இறங்கினார்கள் என்பது அதில் தெளிவாகவே தெரியும். கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் பயிற்சி நேரத்தில் வந்து வாங்கிக்கொள். வாயால் சொல்வதைவிட அந்தத் தாள்களை மேசையில் வைத்துப் பேசு.

அன்புடன்,
ஸ்கோர் மேசை அக்கா