உங்கள் ஸ்பீக்கரில் பழுதில்லை, பீட்டில்ஸ் தட்டு அப்படித்தான்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸின் முதல் எல்பியான (பெரிய இசைத்தட்டு) 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யை எங்களிடம் வாங்கிப்போனவர்கள், இடது ஸ்பீக்கரில் கிடாரும் டிரம்ஸும்தான் வருகின்றன, குரல் முழுக்க வலதில் கேட்கிறது, ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) போய்விட்டதா என்று விசாரிக்கிறீர்கள். தயவுசெய்து ஊசியையோ ஒயரையோ மாற்றிச் செலவு செய்ய வேண்டாம். உங்கள் செட் நன்றாகவே இருக்கிறது, வாங்கியது ஸ்டீரியோ பதிப்பு, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கும் வேறுவேறு ஒலி தருவது, அவ்வளவுதான்.

அந்தத் தட்டில் பத்துப் பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். டேப் மெஷினில் இருந்தது இரண்டே டிராக், அதாவது தனித்தனியாகப் பதியும் தடங்கள். ஒன்றில் வாத்தியம், மற்றதில் குரல். பிற்பாடு இரண்டையும் அளவு பார்த்துக் கலந்து மோனோவாக்கத்தான், அதாவது எல்லாம் ஒரே ஒலியாகச் சேர்ந்து வரத்தான், அந்த ஏற்பாடு. அப்போது ஸ்டீரியோ வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்கு இரண்டு டிராக்கையும் இடம் வலமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பதினைந்து பதினாறு வயதில் எனக்கு இந்த நால்வரை விட்டால் வேறு நினைப்பே கிடையாது. முதலில் வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி, அப்புறம் கல்கத்தா டம்டம் ஆலையில் தயாரான தட்டுகள், எல்லாமே ஒரே ஸ்பீக்கரில்தான். அன்றைய பதிவில் கடைசியாகப் பாடிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டில், சளி பிடித்திருந்த பாடகர் லென்னனின் தொண்டை கிழிகிற கத்தலும் டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோவின் அடியும் சேர்ந்து வந்து நெஞ்சில் மோதும். அதையே ஸ்டீரியோவில் கேட்டால் லென்னன் ஒரு மூலையில் தனியாக நின்று கத்துவது போல் இருக்கிறது, இன்றும் என்னால் தாங்க முடிவதில்லை.

1967-ல் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்'ஸ்' தட்டிலும் நால்வரும் கூட இருந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோவைத்தான். அந்த மோனோவில் 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' பாட்டு கொஞ்சம் வேகமாக, சுருதி கூடுதலாக ஓடும், பழைய ஸ்டீரியோவில் அதே பாட்டு இழுக்கும். ஆனால் 1968 'ஒயிட் ஆல்பம்' மோனோவில் 'ஹெல்டர் ஸ்கெல்டர்' முடிவில் ரிங்கோ போடும் கூச்சல் கிடையாது, அதற்காகவே அங்கே ஸ்டீரியோவும் வேண்டும் என்பேன். 1969 'அபே ரோடு' தட்டு ஸ்டீரியோவில் மட்டுமே கலந்தது, அதற்கு மோனோ தேடி அலைய வேண்டாம்.

ஆம்பில் மோனோ சுவிட்ச் இருந்தால் போட்டுக் கேளுங்கள், குரல் நடுவுக்கு வந்துவிடும். 2014-ல் வெளியான மோனோ எல்பிகளும் கடையில் இருக்கின்றன. வாங்கிய ஸ்டீரியோ தட்டு கீறல் இல்லாமல் இருந்தால் கொண்டுவாருங்கள், விலை வித்தியாசத்தை மட்டும் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து