‘வெளிப்படையாக’ என்ற சொல் குறித்து: சிஎஸ்எஸ் பணிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பணிக்குழுவினருக்கு வணக்கம்.

வலைப்பக்கங்களை அமைப்பதைத் தொழிலாகக் கொண்ட நான், வலைப்பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழிக்கான உங்கள் விவரக்குறிப்புகளைச் சட்டநூலைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படிப்பவன். அவற்றில் தளவமைப்பைப் பற்றிய சில சொற்கள் குறித்து உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன்.

2011 ஜூனில் பரிந்துரையாக வெளிவந்த சிஎஸ்எஸ் 2.1-இன் 10.5ஆம் பிரிவு, வெளிப்பெட்டியின் உயரம் ‘வெளிப்படையாக’க் குறிக்கப்படாவிட்டால், உள்பெட்டிக்கு விழுக்காட்டில் தந்த உயரம் ‘ஆட்டோ’ ஆகிவிடும், அதாவது உள்ளடக்கத்துக்கேற்ப அமையும் என்கிறது. வெளிப்பெட்டிக்குக் குறைந்தபட்ச உயரமாக 400 பிக்சலும் உள்பெட்டிக்கு 100 விழுக்காடு உயரமும் எழுதிப் பார்த்தேன். உள்பெட்டியின் பின்னணி நிறம் இரண்டு வரி எழுத்தோடு நின்றுவிட, அதன் கீழே வெற்றிடம்தான் கிடந்தது. 400 என்று கைப்பட எழுதிய பிறகும் அது வெளிப்படையாகாதா என்று நெடுநேரம் குழம்பினேன். விடை அதே வாக்கியத்தின் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது: உயரம் உள்ளடக்கத்தைப் பொறுத்து அமைவதா என்பதே கேள்வி. குறைந்தபட்ச உயரம் கீழ்வரம்பு மட்டுமே. உள்ளடக்கம் கூடினால் பெட்டியும் வளரும். உலாவி செய்தது சரிதான். ஆனால் விதியின் உயிரை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு, எழுதியிருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கத் தூண்டும் சொல்லை வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

இதே சொல் எதிர்ப்பக்கமும் வழி தவற வைக்கிறது. உயரம் அறுதியாகத் தெரிந்த ஒற்றை வரி ஃப்ளெக்ஸ் கொள்கலனில் (உறுப்புகளை வரிசையாக அடுக்கும் பெட்டியில்), நீட்டி நிரப்பப்படும் உறுப்புக்கு எவரும் உயரம் எழுதுவதில்லை. ஆயினும் அதன் உயரம் அறுதியானதாகவே கொள்ளப்படுகிறது. அளவு பற்றிய பிற்கால விவரக்குறிப்பில், தளவமைப்பைக் கணக்கிடாமலே அறியக்கூடியது அறுதி அளவு என்று நீங்களே வரையறுத்தீர்கள். அந்த வரையறையைப் படித்த அன்றுதான் பழைய வாக்கியம் எனக்கு முழுமையாக விளங்கியது.

‘செய்யலாம்’ (may) என்ற சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். சிஎஸ்எஸ் 2.1-இன் 9.5ஆம் பிரிவின்படி, ஃப்ளோட்டுக்கு (ஓரமாக ஒதுக்கப்பட்ட பெட்டிக்கு) பக்கத்தில் ‘போதிய இடம்’ இருந்தால் உலாவி ஓர் அட்டவணையை அங்கேயே வைக்கலாம். எப்போது வைக்கலாம், எவ்வளவு குறுக்கலாம் என்பதை வரையறுக்கவில்லை என்று அந்தப் பிரிவே ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சொல் விதியின் சொல்லா, பேச்சுவழக்கின் சொல்லா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. 1997இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2119 என்ற இணைய ஆவணம் இத்தகைய சொற்களின் கட்டாய அளவை வகுத்தது. உங்கள் விவரக்குறிப்புத் தொகுதிகளோ அந்தப் பொருளை ஏற்றுக்கொண்டு, படிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தை மட்டும் தவிர்க்கின்றன.

விதிக்கும் சொற்களுக்கு மெல்லிய அடிக்கோடாவது தாருங்கள். 10.5ஆம் பிரிவின் ‘வெளிப்படையாக’ என்ற சொல்லிலிருந்து அறுதி அளவின் வரையறைக்கு ஓர் இணைப்பும், பக்கத்திலேயே குறைந்தபட்ச உயரம் தந்த பெட்டியின் எடுத்துக்காட்டு ஒன்றும் சேர்த்தருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வரிகளை நம்பிப் பக்கம் அமைக்கும் ஒருவன்