நரிட்டாவில் என்னைக் கைவிடாமல் கைமாற்றிக் கொண்டுபோனவர்களுக்கு

விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த அக்காவுக்கு, அன்று பணியில் இருந்த விமானப் பணிப்பெண்ணுக்கு, ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளிய அண்ணனுக்கு, விடுதி வரவேற்பறையில் இருந்த பெரியவருக்கு, மருத்துவரின் கிளினிக்கிலும் பக்கத்து மருந்துக்கடையிலும் இருந்தவர்களுக்கு, டோக்கியோவிலிருந்து போனிலேயே என் கூட இருந்த நண்பருக்கு எல்லாம் சேர்த்து இந்த மடல். உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கும் நிலையில் நான் இல்லை, நீங்களும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஏறும்போது நன்றாகத்தான் இருந்தேன். நடுவழியில் வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது, அப்புறம் வாந்தி, அப்புறம் குளிர் காய்ச்சல். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 அடியிலிருந்து 8,000 அடி உயர மலையில் இருப்பது மாதிரி இருக்கும், ஈரப்பதமும் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழேதான், நல்ல உடம்போடு இருப்பவருக்கே நாக்கு வறளும். உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்கா, நீங்கள் முகத்தைச் சுளிக்கவில்லை, இருக்கையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. பணிப்பெண்ணிடம் சர்க்கரைப் பொட்டலங்களும் உப்பும் கேட்டு வாங்கினீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற கணக்கை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து, தண்ணீர் பாட்டிலிலேயே கலக்கினீர்கள். தாகத்தில் நான் பாட்டிலைப் பிடுங்கப் போனபோது, "மடமடன்னு குடிச்சா திரும்ப வந்துரும், கொஞ்சம் கொஞ்சமா" என்று சொல்லிவிட்டு, கரண்டி கரண்டியாக, இடைவெளி விட்டு விட்டு, இறங்கும் வரைக்கும் கொடுத்தீர்கள். தூங்கியிருக்க வேண்டிய இரவு அது உங்களுக்கு. டோக்கியோவில் உங்களை அழைத்துப் போக ஆள் காத்திருப்பதாகச் சொன்னீர்கள், ஆனாலும் சக்கர நாற்காலி வந்து நான் அதில் உட்காரும் வரை கதவுப் பக்கத்திலேயே நின்றீர்கள். போகும்போது அந்த அண்ணனிடம் பாட்டிலைக் காட்டி, என்னைக் காட்டி, சைகையிலேயே எல்லாம் சொன்னீர்கள். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்தக் கைமாற்றம்தான் எனக்கு ஜப்பான். இந்த மடலில் நான் சொல்ல வந்ததும் அதுதான். அடுத்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார் என்று உறுதியாகத் தெரியும்வரை முன்னவர் விடவில்லை, ஒருவர்கூட விடவில்லை.

ஜப்பானில் இறங்கினால் முதலில் சுகாதாரச் சோதனை, அதற்குப் பிறகுதான் இமிகிரேஷன், அப்புறம் பெட்டி, கடைசியில் சுங்கம். காய்ச்சலோடு போகிறோமே, என்ன செய்வார்களோ என்று பயந்துகொண்டே போனேன். அங்கே இருந்த அதிகாரி அக்குளில் வெப்பமானியை வைக்கச் சொல்லிவிட்டு, சமீபத்தில் எந்தெந்த நாட்டில் இருந்தேன், கொசுவோ பூச்சியோ கடித்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று நிதானமாகக் கேட்டார். விசாரணை மாதிரியே இல்லை, வீட்டுக்கு வந்த மருத்துவர் கேட்பது மாதிரி இருந்தது. இமிகிரேஷனில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கருவியில் வைக்க வேண்டும், புகைப்படமும் எடுப்பார்கள். என் கை நடுங்கியதில் ரேகை பதியவே இல்லை. அண்ணன் பின்னாலிருந்து முழங்கையைத் தாங்கிப் பிடித்தார், கவுண்டருக்குள் இருந்த அதிகாரி அவசரமே இல்லாமல் காத்திருந்தார். பின்னால் எவ்வளவு நீளமான வரிசை நின்றது என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை அவர் முகத்தில் பார்க்க முடியவில்லை.

அண்ணா, லிஃப்டுக்குள் போகும்போதெல்லாம் நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரத்தை முதலில் ஏற்றினீர்கள். முன்சக்கரம் இடுக்கில் தட்டினால் வயிறு குலுங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. விடுதி வண்டி வந்ததும் என் பெட்டியை ஓட்டுநர் கையில் கொடுத்து, அவரிடம் ஏதோ நீளமாகச் சொல்லி, நான் பணம் எடுப்பதைப் பார்த்து இரண்டு கையாலும் வேண்டாம் என்று மறுத்து, வண்டி கிளம்பும்வரை குனிந்து வணங்கியபடி நின்றீர்கள்.

டோக்கியோ அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்த நிலையில் ரயிலேறிப் போக முடியாது என்பதால் நரிட்டாவிலேயே படுத்துவிட்டேன். ஆகவே புதிய நாட்டில் நான் முதலில் பார்த்தவை ஃபூஜி மலையோ டோக்கியோவில் ஷிபுயா பகுதியின் பெரிய சாலைக் கடப்போ இல்லை. விடுதித் தாழ்வாரத்தில் இரவெல்லாம் விளக்கெரியும் பானம் விற்கும் இயந்திரம், அதில் சூடான பானத்துக்குக் கீழே சிவப்புப் பட்டை, குளிர்ந்ததற்கு நீலப் பட்டை. எழுத்துப் படிக்கத் தெரியாதவனும் நூறு யென் நாணயங்களைப் போட்டுச் சூடாக ஏதாவது வாங்கிக் குடித்துவிடலாம். அப்புறம் சத்தமே இல்லாத தெரு. பின்கதவு தானாகத் திறக்கும் டாக்ஸி. இருமுகிறவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்கிறார்கள், தன்னால் அடுத்தவருக்கு வந்துவிடக் கூடாதே என்று. உடம்பு சரியில்லாதபோது ஒரு ஊர் எவ்வளவு சத்தம் போடுகிறது, எத்தனை படி ஏறவைக்கிறது, எங்கே உட்கார விடுகிறது என்பதெல்லாம்தான் கண்ணில் படுகின்றன. சுற்றிப் பார்க்க வந்தவர் இவற்றைக் கவனிக்க மாட்டார்.

விடுதிப் பெரியவரே, நான் சாப்பாடு கேட்கவே இல்லை. நீங்களாகவே ஒரு கிண்ணத்தில் அரிசிக் கஞ்சியும், நடுவில் ஒரேயொரு உமேபோஷியும் (உப்பில் ஊறவைத்த புளிப்புப் பழம்) வைத்துக் கொண்டுவந்தீர்கள். அந்தப் புளிப்பும் உப்பும் நாக்கில் பட்ட பிறகுதான் பசி என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வந்தது.

நண்பா, உனக்கு இரண்டு நன்றி. முதலாவது கிளம்பும் முன்னாலேயே செய்தது. என் மருந்துப் பையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, சளி மாத்திரையை எடுத்து வெளியே வைக்கச் சொன்னாய். சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் என்ற மருந்துப்பொருள் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது, மருத்துவர் எழுதித் தந்த மருந்தையும் ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோனால் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும் என்று நீ சொல்லித்தான் தெரியும். அதிகாரி மருந்தைப் பற்றிக் கேட்டபோது பயமில்லாமல் பதில் சொல்ல முடிந்ததற்கு நீதான் காரணம். இரண்டாவது, அன்று இரவு செய்தது. ரொம்ப மோசமானால் 119-க்கு போன் பண்ணு, ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது, தயங்காதே என்று சொல்லிவிட்டு, ஜப்பான் தேசியச் சுற்றுலா நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணையும் அனுப்பினாய். காலையில் எந்தக் கிளினிக்குக்குப் போவது என்பது அவர்கள் வழியாகத்தான் முடிவாயிற்று.

கிளினிக் வாசலில் காலணியைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வந்து, மண்டியிட்டு, உள்ளே போடும் செருப்பை என் கால் நுழையும் பக்கமாகத் திருப்பி வைத்தார். பல மொழிகளில் அச்சடித்த நோய்விவரப் படிவத்தில் வலிக்கும் இடத்தைக் குறித்துக் காட்டினாலே போதும் என்றார். காப்பீட்டுக்கு வேண்டும் என்று நான் கேட்பதற்கு முன்பே, ரசீதோடு என்ன நோய், என்ன சிகிச்சை என்று எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுத்தார். அந்தத் தாள் இல்லையென்றால் பணம் திரும்பி வந்திருக்காது.

மருந்துக்கடை அம்மா, வேளைக்கு வேளை தனித்தனியாக மடித்த தூள் மருந்து உறைகளின் மேல் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று பேனாவாலேயே வரைந்து கொடுத்தீர்கள். மதியத்துக்கு என்ன வரைவது என்று கொஞ்ச நேரம் யோசித்தீர்கள், அப்புறம் ஒரு பெரிய சூரியன் போட்டீர்கள். மருந்து விவரம் எழுதும் சின்னக் கையேடு ஒன்றும் தந்தீர்கள், ஜப்பானில் பலரும் வைத்திருப்பது.

இப்போது நன்றாக இருக்கிறேன். இந்த மடலை ஜப்பானிய மொழியில் எழுதித் தர நண்பன் ஒத்துக்கொண்டிருக்கிறான். விடுதிக்கும் கிளினிக்குக்கும் மருந்துக்கடைக்கும் அது அஞ்சலில் போகும். பணிப்பெண்ணுக்கு, தேதியும் விமான எண்ணும் குறித்து நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். விமான நிலைய அண்ணனை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா, நீங்கள் தமிழ் படிப்பவர், இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள்.